மதாம் போகவில்லை

மாணிக்கவேலும் அவர் மனைவி மார்த்தும் காரைக்காலுக்குக் குடிவந்த அன்று மழை விடாமல் பெய்தது. வாடகைக் காரின் கண்ணாடியை இறக்கி வெளியே கையை நீட்டிப் பார்த்த மார்த், "வெயில் அடிக்கும் ஊர் என்று சொல்லித்தானே கூட்டிக்கொண்டு வந்தாய்?" என்று பிரெஞ்சில் கேட்டாள்.

"இது ஐப்பசி. தை பிறக்கட்டும், பார்" என்றார் மாணிக்கவேல்.

ஐப்பசியும் தையும் அவளுக்கு விளங்கவில்லை. ஆனால் மழை வெதுவெதுப்பாக இருந்தது அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. வீடு இருந்த கோவில்பத்து வரும்வரை கையை உள்ளே இழுக்கவேயில்லை.

அது எழுபத்தைந்தாம் வருஷம். மாணிக்கவேல் கோவில்பத்தில் பிறந்தவர். காரைக்கால் பிரெஞ்சுக்காரர்கள் கையில் இருந்த காலத்தில், இருபத்தோரு வயதில் அவர்கள் பட்டாளத்தில் சேர்ந்தார். முதலில் இந்தோசீனா, பிறகு அல்ஜீரியா. இரண்டு சண்டைகளுக்கும் நடுவே பிரான்சில் இருந்தபோது மார்த்தைக் கல்யாணம் செய்துகொண்டார். அவளுடைய ஊர் மேற்குக் கடற்கரையில் ஒரு மீன்பிடித் துறைமுகம். பதினான்கு வயதிலிருந்து மத்தி மீனை டப்பாவில் அடைக்கும் தொழிற்சாலையில் நின்றவள் அவள். பட்டாளத்தை விட்டு மாணிக்கவேல் வெளியே வந்தபோது காரைக்கால் இந்தியாவோடு சேர்ந்துவிட்டிருந்தது. அவர் பிரெஞ்சுக் குடிமகனாகவே நின்று, மார்த்தின் ஊர்த் துறைமுகத்தில் இரவுக் காவல் வேலை பார்த்தார்.

அந்த ஊரில் வருஷத்தில் பாதி நாள் தூறல். காவல் கொட்டகையில் கையைத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போதெல்லாம் அவர் காரைக்கால் வெயிலைத்தான் நினைத்தார். பட்டாளப் பென்ஷனை மட்டும் வைத்துக்கொண்டு அங்கே இருப்பதென்றால் இரண்டு அறையில் முடங்க வேண்டும். அதே பென்ஷனில் காரைக்காலில் மாடி வீடு கட்டலாம், தோட்டம் வைக்கலாம், மத்தியானம் நிம்மதியாகத் தூங்கலாம். ஒரே மகள் எலேனுக்குக் கல்யாணம் ஆனதும் அவர் இந்தப் பேச்சை எடுத்தார். மார்த் அதிகம் யோசிக்கவில்லை. "அங்கே தரை சில்லென்று இருக்காதே?" என்று மட்டும் கேட்டாள். தொழிற்சாலையின் ஈரத் தரை அவள் கால்களைக் கெடுத்திருந்தது.

அவர் அனுப்பிய பணத்தில், கிட்ட நின்று வீட்டைக் கட்டி முடித்தவள் மாணிக்கவேலின் அக்கா கமலாம்பாள். இளம் வயதிலேயே கணவனை இழந்தவள். குழந்தை குட்டி கிடையாது. வெள்ளைக்காரியைப் பார்த்ததும் மூஞ்சியைத் திருப்பிக்கொள்வாள் என்று மாணிக்கவேல் பயந்திருந்தார். கமலாம்பாள் மார்த்தின் காலைத்தான் முதலில் பார்த்தாள்.

"என்னடா இது, கணுக்கால் இப்படி வீங்கிக் கெடக்கு? நின்னே வேல பார்த்தவளா?"

"ஆமாக்கா."

"உக்காரச் சொல்லு" என்றாள். நல்லெண்ணெயைக் காய்ச்சப் போய்விட்டாள்.

வந்த மறுவாரம் மாணிக்கவேல் போலீஸ் அலுவலகத்துக்குப் போக வேண்டியிருந்தது. வெளிநாட்டுக்காரர்கள் பதிவு செய்துகொள்ள வேண்டும். இன்ஸ்பெக்டர் இளைஞர்.

"பிறந்த ஊருங்க?"

"கோவில்பத்து."

"இப்ப விலாசம்?"

"கோவில்பத்து."

"எந்த நாட்டுப் பிரஜை?"

"பிரான்ஸ்."

இன்ஸ்பெக்டர் பேனாவை நிறுத்திவிட்டு அவரை நிமிர்ந்து பார்த்தார். மாணிக்கவேலுக்கு ஏனோ வெட்கமாக இருந்தது. அங்கே முப்பது வருஷம் அவரை இந்தியன் என்றார்கள். இங்கே தெருவில் எல்லோரும் வெள்ளைக்காரரைக் கூப்பிடுவதுபோல முசே என்றார்கள். மரியாதையாகத்தான் சொன்னார்கள். ஆனாலும் டீக்கடை பெஞ்சில் அவர் போய் உட்கார்ந்தால் பேச்சு நின்றுவிடும். பிறகு யாராவது, "முசே, என் பையனுக்கு பிரான்சுல ஒரு வழி பண்ணுங்களேன்" என்று ஆரம்பிப்பார்கள். கூடப் படித்தவர்களில் பாதிப் பேர் இல்லை. இருந்தவர்களுக்கு அவரோடு பேச எதுவும் இல்லை.

தை பிறந்தது, சித்திரையும் வந்தது. ஏங்கிய வெயில் அவரை அடித்துப் போட்டது. மின்சாரம் போன மத்தியானங்களில் பனியனோடு கூடத்தில் புரண்டார். சாம்பார் ஒத்துக்கொள்ளவில்லை. அங்கே இருந்த நாளெல்லாம் சாம்பாரைப் பற்றியே பேசிய மனுஷன், இங்கே ரொட்டியைப் பற்றியும் பாலாடைக்கட்டியைப் பற்றியும் பேச ஆரம்பித்தார்.

மார்த்துக்கு நடந்தது வேறு. கடலோரக் குப்பமான கிளிஞ்சல்மேட்டிலிருந்து அஞ்சுகம் என்ற மீன்காரி காலையில் கூடையோடு வருவாள். முதல் நாள் கூடையை இறக்கியதும் மார்த் உள்ளே கையை விட்டு ஒரு மத்தியை எடுத்தாள். செவுளை விரித்துப் பார்த்தாள். பிறகு தலையை ஒரே திருகாகத் திருகிக் குடலோடு இழுத்துப் போட்டாள். அஞ்சுகம் வாயில் கை வைத்துக்கொண்டாள்.

"ஆத்தாடி! மதாமுக்கு நம்ம சோலி தெரியுதே!"

அன்றிலிருந்து அஞ்சுகம் விற்றது போக மிச்சக் கூடையை மார்த்திடம் கொண்டுவந்து வைத்துவிட்டு அரை மணி நேரம் உட்கார்ந்து பேசுவாள். மார்த் தமிழ் கற்றது அவளிடம்தான். வார்த்தைகள் வந்தன, ஆனால் எல்லாம் அஞ்சுகத்தின் வார்த்தைகள். தருமபுரத்திலிருந்து சொக்கநாதன் என்ற ஓய்வுபெற்ற பிரெஞ்சு வாத்தியார், வெள்ளைவெளேர் வேட்டியோடு, ஒரு பிரெஞ்சு மாதுவோடு நல்ல பிரெஞ்சு பேசலாம் என்ற ஆசையில் வந்தார். மார்த் வாசலுக்கு வந்து, "வாய்யா, குந்து. என்னா வெயிலு!" என்றாள்.

வாத்தியார் குந்தவில்லை. நின்றபடியே மோர் குடித்துவிட்டுப் போய்விட்டார். மாணிக்கவேல் தலையில் அடித்துக்கொண்டார். உள்ளே கமலாம்பாள் சிரித்துச் சிரித்துப் புரை ஏறி இருமிக்கொண்டிருந்தாள்.

இரண்டாவது கோடை. எழுபத்தேழு ஏப்ரல். ஒரு சாயங்காலம், மார்த் கொசுவலையின் கிழிசலைத் தைத்துக்கொண்டிருந்தபோது மாணிக்கவேல் எதிரில் வந்து உட்கார்ந்தார்.

"எலேன் வீட்டுக்குப் பக்கத்தில் ஓர் அறை பார்க்கலாம். திரும்பிப் போய்விடுவோம்."

"யார்?"

"நாம்."

"நான் வரவில்லை" என்றாள் மார்த், ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அவள் விளையாடுகிறாள் என்று அவர் நினைத்தார். இல்லை என்பது அவள் நூலை முடிச்சிட்டுக் கத்தரித்த விதத்தில் தெரிந்தது.

"உன் ஊருக்குப் போகலாம் என்கிறேன். என் ஊரை விட்டு" என்றார்.

"அந்தத் தொழிற்சாலையில் வாழ்நாளெல்லாம் நின்றேன். கை எப்போதும் ஈரம். இங்கே எனக்குக் கால் வலிக்கவில்லை. காலையில் எழுந்தால் வாசலில் நின்று யாரோ மதாம் என்று என்னைக் கூப்பிடுகிறார்கள். அங்கே யார் கூப்பிட்டார்கள்?"

"நான் இருந்தேனே."

"நீ இரவில் காவலுக்குப் போனாய். பகலில் தூங்கினாய்."

அவள் அதைக் குறையாகச் சொல்லவில்லை.

அக்கா ஏதாவது சொல்லி அவளை அனுப்பி வைப்பாள் என்று அடுப்படிக்குப் போனார். கமலாம்பாள் புளி கரைத்துக்கொண்டிருந்தாள்.

"வரலங்கிறாளா? நல்லதாப் போச்சு."

"என்னக்கா நீ!"

"நீ எப்படியும் நின்ன எடத்துல நிக்காத ஆளு. போய்ட்டு வா. அவ இருக்கட்டும். எனக்கும் ஒரு ஆளு வேணுமில்ல?"

ஊரில் இதைப் பேசாதவர்கள் இல்லை. வெள்ளைக்காரி விட்டுவிட்டு ஓடிப்போவாள் என்று காத்திருந்தவர்களுக்கு, மண்ணின் மைந்தன் பெட்டியோடு பஸ் ஏறியதும் அவள் வாசலில் நின்று கையாட்டியதும் ஜீரணமாகவில்லை. ஏதோ சண்டை என்றார்கள். சண்டை எதுவும் இல்லை. இரண்டு பேருக்கும் துணிகளைப் பிரித்து மடித்து வைத்தவள் மார்த்தே. சளிக்குத் தடவும் தைலத்தை அவர் பெட்டியில் மேலாக வைத்தாள்.

மாணிக்கவேல் எலேன் வீட்டில் ஜன்னலோர அறையில் தங்கினார். காற்று குளிர்ந்திருந்தது, ரொட்டி மொறுமொறுவென்று இருந்தது. இரண்டு வாரம் மனசு லேசாக இருந்தது. எலேனும் அவள் கணவனும் காலையில் வேலைக்குப் போனால் இருட்டும்போதுதான் வருவார்கள். அவர் துறைமுகம்வரை நடந்து போய், பழைய கொட்டகையைப் பார்த்துவிட்டு வருவார். கொட்டகையில் புது ஆள். ரொட்டிக் கடைக்காரி, தபால்காரர், எதிர்வீட்டுக் கிழவர் எல்லோரும் நிறுத்தி விசாரித்தார்கள். "மார்த் எப்படியிருக்கிறாள்? என்ன செய்கிறாள்?" அவரைப் பற்றி யாரும் எதுவும் கேட்கவில்லை. இத்தனை வருஷம் இந்த ஊர்க்காரர்கள் தன்னோடு பேசியதெல்லாம் மார்த்தின் புருஷன் என்பதால்தான் என்று அப்போது புரிந்தது.

சாப்பிடும்போது எதிர் நாற்காலியைப் பார்த்து வாயைத் திறப்பார். நாற்காலி காலியாக இருக்கும். அவள் மாதம் ஒருமுறை எழுதினாள். மாமரம் காய்த்தது, அக்காவுக்கு முழங்கால் வலி, எருமை கன்று போட்டது. எப்போது வருகிறாய் என்று ஒருமுறைகூட எழுதவில்லை. அவருக்கும் வருகிறேன் என்று எழுத ரோஷம்.

நவம்பர் நடுவில் ஒரு நாள் காலை வானொலியில், தென்னிந்தியக் கடற்கரையைப் புயல் தாக்கியது என்றார்கள். நாகப்பட்டினம் என்று அறிவிப்பாளர் தட்டுத்தடுமாறிச் சொன்னார். மாணிக்கவேல் கையிலிருந்த காபிக் கிண்ணத்தை மேஜையில் வைக்க மறந்து நின்றார். நாகப்பட்டினத்திலிருந்து காரைக்கால் எவ்வளவு தூரம் என்று எலேன் கேட்டாள். "பக்கத்தில்" என்றார்.

தந்தி கொடுத்தார்கள். பதில் இல்லை. மறுபடி கொடுத்தார்கள். கம்பிகள் அறுந்து கிடக்கின்றன என்று தபாலாபீசில் சொன்னார்கள். அந்த நாட்களில் அவர் சாப்பிட்டாரா தூங்கினாரா என்று எலேனுக்கே தெரியாது. கடைசியில் ஒரு மத்தியானம் தந்தி வந்தது. "உயிரோடிருக்கிறோம். வீடு நிறைய ஆட்கள். மார்த்." எலேன் அதை வாசித்துவிட்டு அழுதாள். மாணிக்கவேல் அன்றைக்கே பயணச்சீட்டு வாங்கப் போனார். மார்த்தை எப்படியாவது கூட்டிக்கொண்டு வந்துவிட வேண்டும் என்பது அவர் எண்ணம். எலேன் அம்மாவுக்கென்று படுக்கையைத் தயார் செய்தாள்.

சென்னையிலிருந்து பஸ் காரைக்காலை நெருங்க நெருங்க அவர் ஜன்னலை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. தென்னந்தோப்புகள் ஒரே பக்கமாகச் சாய்ந்து கிடந்தன. மின்கம்பங்கள் வயலில் விழுந்து கிடந்தன. கோவில்பத்தில் தன் வீட்டின் மாடி தெரிந்ததும்தான் மூச்சு வந்தது.

வாசலில் தெரியாத பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருந்தன. கூடத்தில் பாய்கள், மூட்டைகள், நனைந்த வலைகள். அவருடைய அறையில், அவருடைய கட்டிலில், ஒரு இளம்பெண் கைக்குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். அவரைப் பார்த்ததும் முந்தானையை இழுத்துக்கொண்டு, "யாரு வேணுங்க?" என்றாள்.

மாணிக்கவேல் வெளியே வந்தார். கமலாம்பாள் அடுப்படியிலிருந்து ஓடி வந்தாள். ஆறு மாதத்தில் இளைத்திருந்தாள், ஆனால் குரல் ஓங்கியிருந்தது.

"வந்துட்டியா? உக்காருடா. அது அஞ்சுகத்து மருமவ ராசாத்தி. புயலுக்கு மறுநாளு இந்த வீட்டுலதான் புள்ள பெத்தா."

"இவ்வளவு பேரும் யாருக்கா?"

"கிளிஞ்சமேட்டு ஆளுங்க. காத்து ஆரம்பிச்சதுமே அஞ்சுகம் இவங்கள இழுத்துக்கிட்டு வந்துட்டா. இவ வாசக் கதவத் தொறந்து வுட்டுட்டா. நான் சொன்னேன், அடியே, எத்தன பேருடி, எங்கடி படுப்பாங்கன்னு. கேக்கல. கதவு அடிச்சுக்குது, இவ முதுகக் குடுத்துக்கிட்டு நிக்கிறா, உள்ள வா, உள்ள வான்னு கத்துறா. விடியறப்ப பாத்தா ஊருல பாதிக் கூர இல்ல. இந்த வீடு நிக்குது."

"மார்த் எங்கே?"

"கொல்லையில."

கொல்லையில் ஏழெட்டுப் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து மீன் அரிந்துகொண்டிருந்தார்கள். நடுவில் மார்த். கமலாம்பாளின் பழைய சேலையைத் தூக்கிச் சொருகியிருந்தாள். மூக்கு வெயிலில் சிவந்து தோல் உரிந்திருந்தது. அவரைப் பார்த்ததும் கத்தியைக் கீழே வைத்தாள். எழுந்து வந்து, மீன் நாற்றம் அடிக்கும் புறங்கையால் அவர் கன்னத்தைத் தொட்டாள்.

"எளச்சிட்ட" என்றாள் தமிழில்.

"உன்னைக் கூட்டிக்கொண்டு போக வந்தேன்" என்றார் அவர் பிரெஞ்சில்.

மார்த் சுற்றிலும் இருந்தவர்களைப் பார்த்தாள். அவர் கையிலிருந்த பெட்டியைப் பார்த்தாள். "முதலில் சாப்பிடு" என்றாள். அவ்வளவுதான் அன்றைக்கு நடந்த பேச்சு.

மாடியில் ஆண்களோடு அவருக்கும் ஒரு பாய் கிடைத்தது. பயணக் களைப்பில் விழுந்தவர் விடிந்த பிறகுதான் கண் விழித்தார். பக்கத்துப் பாயில் ஒருவர் உட்கார்ந்து கிழக்கே பார்த்துக்கொண்டிருந்தார். அஞ்சுகத்தின் புருஷன் சுப்பையன். மாணிக்கவேலை அவர் அதற்கு முன் பார்த்ததில்லை.

"எந்த ஊருங்க?" என்றார் சுப்பையன்.

"இந்த வீடுதான்."

"மதாம் வீட்டுக்காரரா!" சுப்பையன் பதறி எழுந்தார். மாணிக்கவேல் அவர் கையைப் பிடித்து உட்கார வைத்தார்.

பிறகு சுப்பையன் கேட்டார். "மதாம் ஊரும் கடக்கர ஊராமே. அங்கயும் இப்படிப் புயலு உண்டுங்களா?"

"உண்டு. குளிர்காலத்துல வரும்."

"படகு போயிட்டா என்ன பண்ணுவாங்க?"

மாணிக்கவேல் யோசித்தார். துறைமுகக் கொட்டகையில் உட்கார்ந்து எத்தனையோ விடியற்காலைகளில் அவர் பார்த்தது நினைவுக்கு வந்தது. "கரையில நின்னு பாத்துக்கிட்டே இருப்பாங்க. பேச மாட்டாங்க. பெண்டுங்க வந்து கையைப் பிடிச்சு வீட்டுக்குக் கூட்டிட்டுப் போவாங்க. மறுவாரம் யாரு படகுலயாவது ஏறிடுவாங்க."

"இங்கயும் அதேதான்" என்றார் சுப்பையன். "எங்க கட்டுமரத்தக் காணோம்."

அந்த நாட்டைப் பற்றி யாருமே அவரிடம் இப்படிக் கேட்டதில்லை. போக வழி கேட்டவர்கள்தான் உண்டு. கீழே சாப்பிடக் கூப்பிடும்வரை இருவரும் பேசிக்கொண்டிருந்தார்கள்.

அன்று காலை சுப்பையனும் இன்னும் சிலரும் சர்க்கார் கொடுக்கும் மூங்கிலுக்கும் கீற்றுக்கும் எழுதிக் கொடுக்க நிவாரண அலுவலகத்துக்குக் கிளம்பினார்கள். மாணிக்கவேல் கோட்டை எடுத்துப் போட்டுக்கொண்டார். பிரெஞ்சுத் தேசிய நாளான ஜூலை பதினாலாம் தேதி மட்டும் குத்தும் பட்டாளப் பதக்கங்களையும் குத்திக்கொண்டு அவர்களோடு நடந்தார். அலுவலகத்தில் நீண்ட வரிசை. முசேவைப் பார்த்ததும் உள்ளே வந்து உட்காரச் சொன்னார்கள்.

"நான் இவங்க கூட வந்தவன்" என்று சொல்லிவிட்டு அவர் வரிசையிலேயே நின்றார். கோட்டுக்குள் வேர்வை ஓடியது. மறுநாளும் நின்றார். கிளிஞ்சல்மேட்டுக் குடும்பங்கள் ஒவ்வொன்றுக்கும் மூங்கில் வந்து சேரும்வரை நின்றார். கூரை கட்டும்போதும் போனார். ஏணியைப் பிடிக்கத்தான் அவரால் முடிந்தது. அதையே செய்தார்.

பொங்கலுக்கு முன்னால் எல்லோரும் போய்விட்டார்கள். ராசாத்தி கடைசியாகப் போனாள். கட்டில் அவருக்குத் திரும்பக் கிடைத்தது. வீடு திடீரென்று பெரிதாகிவிட்டது. அன்று சாயங்காலம் மார்த்தும் அவரும் மாடியில் உட்கார்ந்திருந்தார்கள்.

"எப்போது போகிறாய்?" என்று மார்த் கேட்டாள்.

"கோடையில். எலேனுக்குக் குழந்தை பிறக்கும். வெயிலும் எனக்கு ஆகாது."

"எப்போது வருவாய்?"

"மழைக்கு முன்னால்."

மார்த் தலையாட்டினாள். இன்னொரு முறை தன்னைக் கூப்பிடுவார் என்று அவள் எதிர்பார்த்திருக்கலாம். அவர் கூப்பிடவில்லை. அவள் கால்களை இழுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். கணுக்கால் வீக்கம் நன்றாக வடிந்திருந்தது.

அதற்குப் பிறகு ஒவ்வொரு வருஷமும் அப்படித்தான் நடந்தது. பங்குனி முடிந்ததும் முசே புறப்படுவார், ஆவணியில் வந்துவிடுவார். ஊர் முதலில் சிரித்தது, பிறகு பழகிக்கொண்டது. அங்கே ரொட்டிக் கடையில் கிளிஞ்சல்மேட்டுக் கதைகளைச் சொல்வார். கேட்க ஆட்கள் இருந்தார்கள். இங்கே சுப்பையனோடு கடற்கரையில் உட்கார்வார். ரொட்டியைப் பற்றிப் பேசுவது குறைந்துபோனது.

எண்பத்திரண்டில் எலேனின் மகனுக்கு நாலு வயது. அந்த மாசி மாதத்தில் ஒரு நாள் சாப்பாடு போட்டுக்கொண்டே கமலாம்பாள் சொன்னாள்.

"இந்தத் தடவ நானும் வரேன்டா."

மாணிக்கவேல் சோற்றில் கையை வைத்தபடி நிமிர்ந்தார். "எங்கக்கா?"

"உங்க பிரான்சுக்குத்தான். பேரனப் பாக்க வேணாமா? அப்படி என்னதான் இருக்கு அங்கன்னு பாத்துட்டு வரேன்."

"அக்கா போவட்டும்யா" என்றாள் மார்த். "எரும, வூடு எல்லாம் நான் பாத்துக்கிறேன்."

கமலாம்பாள் அதற்குமுன் கும்பகோணத்தைத் தாண்டியதில்லை. பாஸ்போர்ட்டுக்குப் படம் எடுத்தபோது மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்தாள். அங்கே குளிரும் என்று மார்த் தன் பழைய கம்பளிச் சட்டையைக் கொடுத்தாள். புறப்படும் அன்று காலையிலேயே கமலாம்பாள் அதைச் சேலைக்கு மேல் மாட்டிக்கொண்டு பொத்தான்களைக் கழுத்துவரை போட்டுவிட்டாள்.

"அக்கா, இன்னும் விமானமே ஏறல. வெந்துடுவ" என்றார் மாணிக்கவேல்.

"பழக வேணாமா?" என்றாள் கமலாம்பாள்.

காரைக்கால் பஸ் நிலையத்தில் வெயில் கொளுத்தியது. அஞ்சுகம் வழியில் சாப்பிடக் கருவாட்டுப் பொட்டலம் கொண்டுவந்திருந்தாள். கமலாம்பாள் முகமெல்லாம் வேர்த்து வழிய, ஜன்னலோரம் உட்கார்ந்து, எருமைக்கு எப்போது தண்ணீர் காட்ட வேண்டும் என்று மார்த்துக்கு மறுபடியும் சொல்லிக்கொண்டிருந்தாள். மார்த் ஒவ்வொன்றுக்கும் "சரிக்கா, சரிக்கா" என்றாள். பஸ் நகர்ந்தது. மாணிக்கவேல் அக்காவின் தோளுக்கு மேலாகக் கையை நீட்டி ஆட்டினார்.

"மதாம், நீ போவலியா உங்க ஊருக்கு?" என்று ஒரு பழக்கடைக்காரன் கேட்டான்.

"போறேனே. கோவில்பத்துக்கு" என்றாள் மார்த். இரண்டு பலாச்சுளை வாங்கி ஒன்றை அஞ்சுகத்திடம் கொடுத்துவிட்டு, நிழல் இருந்த பக்கமாக நடக்க ஆரம்பித்தாள்.